சீலை அந்தக் கதையில் இல்லை

பிரெஞ்சு தேசம் எந்தத் திக்கில் இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தேசத்தில் எந்தக் காலத்திலோ ஒருவர் எழுதிய கதையால் எங்கள் குடியேற்றத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்த வீட்டை விட்டுப் போனார்கள். போகப் பண்ணினவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

என் வயதுக்காரிகள் நாலைந்து பேர் இன்னும் அங்கே இங்கே இருக்கிறீர்கள். மருத மரத்தடியில் நாங்கள் ஆடிய நாடகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது முழுக்க உங்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. என்னைப் பெற்ற ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய காட்டில் அப்போது பள்ளிக்கூடம் இல்லை. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவதும் அப்படித்தான். அதற்காக ஒருவரும் எனக்கு இரங்க வேண்டாம். பயிரின் நிறத்தைப் பார்த்து அதற்கு எத்தனை நாளில் தண்ணீர் வேண்டும் என்று சொல்லக்கூடியவள் நான். பெற்ற பிள்ளைகள் மூவரையும் படிப்பித்தவள். என் தலை இன்றுவரை ஒருவருக்கும் முன்னால் குனிந்ததில்லை, இந்த ஒரு விஷயத்தைத் தவிர.

வட்டக்கச்சிக்கு அப்பால், பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் மதகு இருந்தது. அதன் சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டி வைத்திருப்பார்கள். அந்தப் பூட்டின் திறப்பு மதகுக் காவலரிடம் இருக்கும். நாங்கள் அவரை மதகடி மாமா என்போம். அவருடைய மனைவி மதகடி மாமி. உறவு ஒன்றும் இல்லை. சும்மா வாயால் கூப்பிடுகிற முறைதான். மதகுக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்த சின்ன வீட்டில் இருவரும் இருந்தார்கள். பிள்ளை இல்லை.

மாமி பட்டணத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவருக்கென்று ஒரு வாரப் பத்திரிகை வரும். அதை விரித்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். எனக்கும் முகரத் தருவார். மண்ணெண்ணெய்க்கும் ஈர மண்ணுக்கும் நடுவில் ஒரு மணம். அம்மா என்னிடம் எருமைப்பால் கொடுத்து அனுப்புவார். கொடுத்துவிட்டு நின்ற காலில் திரும்பி வர வேண்டும் என்பது கட்டளை. பத்திரிகைக் கதை கேட்கிற பெண்பிள்ளை கெட்டுப்போகும் என்று அம்மாவுக்கு நிச்சயம். நான் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பால் கொதிக்கும்வரை நிற்பேன். மாமியின் அடுப்பில் பால் மெதுவாகத்தான் கொதிக்கும்.

அப்போது பத்திரிகையில் அந்தப் பிரெஞ்சுக் கதை வாராவாரம் வந்தது. அங்கே வாய்க்காலில் தோணி ஓடுமாம். மேட்டில் இருக்கும் தண்ணீரிலிருந்து பள்ளத்தில் இருக்கும் தண்ணீருக்குத் தோணியை இறக்குவதற்கு நடுவில் மதகு போட்டு வைத்திருப்பார்களாம். இது எனக்கு விளங்காதபடியால், மாமி இரண்டு சட்டிகளில் தண்ணீர் வைத்து, ஒரு பூவரசம் இலையை மிதக்கவிட்டுக் காட்டினார். கதை அந்த மதகுக் காவலரின் மனைவியைப் பற்றியது. தமிழில் ஆக்கினவர் ஆட்களின் பேரெல்லாவற்றையும் எங்கள் பேராக்கி, ஊரையும் எங்கள் பக்கத்து ஊர்போலச் செய்துவிட்டார். அவள் பிட்டு அவிப்பாள், சீலை உடுப்பாள், வெள்ளிக்கிழமை விரதம் பிடிப்பாள். பிரெஞ்சுக்காரி பிட்டு அவிப்பாளோ என்று மாமி சிரிப்பார்.

ஒருநாள் மாமி வாசித்துக்கொண்டு இருந்தபோது மாமா கை கால் கழுவிவிட்டு வந்து குசினி வாசலில் நின்று கேட்டார்.

"என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறான், பாருங்கோ," என்றார் மாமி.

"அப்ப இனி என்ர திறப்பை ஒளிச்சுத்தான் வைக்கவேணும்," என்றார் மாமா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா அதிகம் கதைக்காத மனிதர். அவர் அப்படிப் பகிடி விட்டதை நான் வேறு ஒருநாளும் கேட்கவில்லை.

அந்த வாரத்துக் கதையில் ஒரு கட்டம் வந்தது. விடியப்புறம். பனி மூடியிருக்கிறது. எந்தத் தோணியையும் விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. வெளியிலிருந்து யாரோ மெல்லக் கூப்பிடுகிறார்கள். மனைவி எழும்பி, நித்திரையாக இருக்கும் புருஷனின் தலைமாட்டிலிருந்து திறப்பை எடுத்துப் போய் மதகைத் திறந்து ஒரு தோணியை விடுகிறாள். தோணிக்குள் யார் இருந்தது என்று சொல்லாமல் அன்றைக்குக் கதையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைதான் தெரியும். எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

அது கோடை விதைப்பான சிறுபோகக் காலம். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம். முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. எங்கள் முறை வரும்போது நூல் போலத்தான் வரும். ஐயா வரம்பில் குந்தியிருந்து அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய வாய்க்காலில் பூட்டியிருக்கிற நேரத்திலும் தண்ணீர் எங்கேயோ போகிறது என்று ஆண்கள் கதைத்தார்கள். யாரோ திறந்து விடுகிறார்கள் என்று சந்தேகம் இருந்தது. ஆர் என்று தெரியவில்லை.

தாய்மார் களை பிடுங்கப் போன ஒரு பகல், நாங்கள் ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் காய்ந்த வாய்க்காலுக்குப் பக்கத்து மருத மரத்தடியில் நாடகம் போட்டோம். கதை என்னுடையது என்று நான் சொன்னேன். அதிலேயே பொய் தொடங்கிவிட்டது. நான்தான் மதகுக்காரர் பெண்சாதி. தோணி வருகிறது என்று சொன்னதும் உங்களில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்கட வாய்க்காலில தவளை நீந்தவே தண்ணியில்லை. தோணி எங்கயடி வாறது?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் சொன்னதும் நியாயம்தான். அந்த இடத்திலேயே கதையை மாற்றினேன். தோணி இல்லை. பயிர் வாடின ஒரு மனிதன் வந்து தண்ணீர் கேட்கிறான். மனைவி திறப்பை எடுத்து மதகைத் திறந்து விடுகிறாள். அவன் அவளுக்கு ஒரு சீலை கொடுக்கிறான். சீலை ஏன் வந்தது தெரியுமா? நான் கொண்டுபோயிருந்த அம்மாவின் பழஞ்சீலையை உடுத்திப் பார்க்க எனக்கு ஆசை. காரணமில்லாமல் நாடகத்துக்கு நடுவில் சீலை உடுக்க முடியாது. அம்மாவின் சீலை நிறம் போனது. ஆகவே உடுத்திக்கொண்டு வாயால் சொன்னேன்: "பாருங்கோ, மஞ்சள் கரை போட்ட நீலச் சீலை." அப்படி ஒரு சீலையை மதகடி மாமிக்கு அவருடைய தமையன் அனுப்பியிருந்தார். நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அதைப் போல வழுவழுப்பான துணியை அதற்கு முன் தொட்டதில்லை.

வயலுக்குச் சோறு கொண்டுபோன பக்கத்துக் காணி அக்கா வரம்பில் நின்று முழுவதையும் பார்த்தார். இந்தக் கதையை ஆர் சொல்லித் தந்தது என்று கேட்டார். என் கதை என்று சொல்ல அவருக்கு முன்னால் வாய் வரவில்லை. மதகடி மாமி சொன்னவா என்றேன்.

பொழுது சாய முன்னம் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஐயா என்னைக் கதிரையில் இருத்தினார். அவர் என்னைக் கதிரையில் இருத்தி முன்னால் நின்று கதைத்தது அதுதான் முதல் தடவை. பெரிய ஆளிடம் கேட்பது போலக் கேட்டார். மாமி எல்லாம் சொன்னவாவோ என்றார். ஓம் என்றேன். சீலையும் சொன்னவாவோ என்றார். அந்த இடத்தில் ஒரு கணம் இருந்தது. சீலை நான் சேர்த்தது என்று சொல்லியிருக்கலாம். பத்திரிகைக் கதை என்று சொல்லியிருந்தால் பால் கொதிக்கும்வரை நின்றது வெளிப்பட்டு, வெள்ளிக்கிழமை நின்றுபோகும். தோணிக்குள் ஆர் என்று தெரியாமல் போய்விடும். சீலையும் சொன்னவா என்றேன். ஐயா என் தலையைத் தடவி, என்ர பிள்ளை கெட்டிக்காரி என்று அம்மாவுக்குச் சொன்னார்.

அடுத்தநாள் பின்னேரம் ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானையாரும் ஐயாவும் இன்னும் சில ஆண்களும் மதகடிக்குப் போனார்கள். ஐயா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். கொடியில் அந்த நீலச் சீலை காய்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

விதானையார் விஷயத்தைச் சொன்னதும் மாமி சிரித்தார். பயப்படவேயில்லை. உள்ளே போய், பாய்க்கு அடியில் அடுக்கி வைத்திருந்த பத்திரிகைகளை எடுத்து வந்தார்.

"இது பேப்பரில வாற கதை, விதானையார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதினது. பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டினனான். அதைத்தான் விளையாடியிருக்குதுகள்."

விதானையார் நேர்மையான மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே அந்த வாரத்துக் கதையை முழுக்க வாசித்தார். மதகின் சங்கிலி காற்றுக்கு ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இதிலை தோணியெல்லோ வருது. தண்ணி விட்டதாக ஒரு வரியும் இல்லை. சீலையும் இல்லை."

மாமியைக் காப்பாற்ற வந்த பத்திரிகையே மாமிக்குச் சாட்சியாக இல்லாமல் போனது. கதையில் இல்லாததைப் பிள்ளைக்கு ஆர் சொன்னது என்பதுதான் அங்கே நின்ற எல்லாருக்கும் கேள்வி. மாமி வந்து எனக்கு முன்னால் குந்தினார். என் முகத்துக்கு நேரே அவருடைய முகம். குசினிப் புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த அவருடைய வாசம் இப்போதும் எனக்கு வரும்.

"பிள்ளை, நான் வாசிச்சதிலை சீலை வந்ததோ? நல்லா யோசிச்சுச் சொல்லு ராசாத்தி."

ஐயாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. இறுக்கவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். நான் இல்லை என்று சொன்னால் இத்தனை பேரைக் கூட்டி வந்த ஐயாவின் முகம் என்னவாகும் என்று யோசித்தேன். ஒன்பது வயதில் அதை யோசிக்கத் தெரிந்திருந்தது. மற்றதை யோசிக்கத் தெரியவில்லை.

"வந்தது. நீங்கள்தான் சொன்னனீங்கள்," என்றேன்.

மாமி எழும்பவில்லை. ஒருவர், சீலை எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார். தமையன் அனுப்பினது என்றார் மாமி. கடுதாசி இருக்கோ என்று இன்னொருவர் கேட்டார். அப்போது மாமா வீட்டுக்குள் போய்த் திறப்பைக் கொண்டுவந்து விதானையாரின் காலடியில் வைத்தார்.

"அவாவை இனி ஒண்டும் கேக்க வேண்டாம். நான்தான் திறந்தனான்."

மாமி திரும்பி அவரைப் பார்த்தார். நான் அந்தப் பார்வையைப் பார்த்தேன். பெண்சாதிக்காகப் புருஷன் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார், அதனால் மாமிக்கு மனம் உருகிவிட்டது என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஆண்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள். திறந்தது அவரோ அவாவோ, மதகில் இனி அவர்கள் இருக்க முடியாது என்று மட்டும் முடிவாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு வண்டிலில் போனார்கள். வேலி இடுக்கால் பார்த்தேன். இரண்டு பாய், ஒரு ட்ரங்குப் பெட்டி, சட்டி பானை. மாமி அந்த நீலச் சீலையை உடுத்திருந்தார். ஒளித்து வைக்க அதில் ஒன்றும் இல்லை என்று ஊருக்குக் காட்டினார். எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, என்ன நெஞ்சழுத்தம் என்றார்.

அவர்கள் போனபிறகும் பத்திரிகை சில வாரம் வந்தது. சந்திக் கடைக்காரர் அதில் சீனி சுற்றினார். அப்படி ஒரு சுருள் எங்கள் வீட்டுக்கும் வந்தது. சீனியைக் கொட்டிவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாட்டுப் பட்டிப் பக்கம் போனேன். மதகு என்ற எழுத்து எனக்குத் தெரிந்தது. விரலை வைத்து வைத்து ஒரு பகல் முழுவதும் கூட்டினேன். தோணிக்குள் இருந்தது காய்ச்சல்காரப் பிள்ளையும் தாயும். தொற்று நோய் என்று எந்த ஊரும் அவர்களை இறங்க விடவில்லை. வாழ்க்கையில் நானாக வாசித்த முதல் கதை அது. தாளில் ஒட்டியிருந்த சீனியை எறும்பு தின்றது. நான் அழுதேன். அந்தப் பிள்ளைக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணியில் குளம் அடித்தரை தெரிய வற்றியபோது மதகைத் திருத்த ஆட்கள் வந்தார்கள். அடிப்பலகை உக்கி, ஒரு ஆள் கை போகிற அளவுக்கு ஓட்டை. பூட்டியிருந்த நாளெல்லாம் தண்ணீர் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. ஆண்கள் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். ஐயா வந்து சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழும்பினார். அன்றைக்கு நான் அம்மாவிடம் சொன்னேன், சீலை நான் சேர்த்தது என்று. அம்மா அடிப்பார் என்று காத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. ஐயாவுக்கு மரியாதை இல்லாமல் போகும், இனி இதைப் பற்றி வாய் திறக்காதே என்றார். மதகடி மாமாவைத் திரும்பக் கூப்பிடவேண்டும் என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. புதுக் காவலர் வந்துவிட்டார். பலகையும் புதுசு.

அந்தக் கதையைப் பிறகும் இரண்டு தரம் சந்தித்தேன். ஒன்று கிளிநொச்சிப் படமாளிகையில். படத்தில் மதகு ரயில் கேற்றாக மாறியிருந்தது. தோணிக்குப் பதிலாக ஒரு வண்டில். அவள் மூன்று பாட்டுப் பாடி இறந்துபோகிறாள். சுற்றி இருந்தவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. படம் எடுத்தவரும் என்னைப் போல இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறார். அவர் மாற்றியதால் ஒருவரும் வீட்டை விட்டு வண்டில் ஏறவில்லை.

மற்றது, ஆசிரியையாக இருக்கும் என் மகள் கொண்டுவந்த தடித்த புத்தகம். இதில் ஒன்றையும் விடாமல் தமிழாக்கியிருக்கிறார்களாம். வாயில் நுழையாத பேர்கள். பிட்டு இல்லை, ரொட்டி. என்னுடைய ஆசைக்காக மகள் வாசித்துக் காட்டினாள். அதில், பத்திரிகைக்காரர் வெட்டிவிட்ட ஒரு இடம் இருந்தது. ஏன் திறந்தேன் என்று மனைவி புருஷனுக்குச் சொல்கிறாள். அவன் இடையில் ஒன்றும் பேசாமல் ஒரு பக்கம் முழுவதும் கேட்டுக்கொண்டு இருக்கிறான். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னேன். ஏன் அம்மா என்று மகள் கேட்டாள். சும்மா என்றேன்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். இது படத்துக்கும் புத்தகத்துக்கும் முன்னால், எனக்குக் கலியாணமாகி மூத்த பிள்ளை கையில் இருந்த காலத்தில் நடந்தது. முள்ளியவளையில் கோவிலுக்குப் போய்விட்டு, மாமியாரோடும் அவருடைய சொந்தக்காரரோடும் பஸ்ஸுக்கு நின்றேன். பின்னால் ஒருவர் என் பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டினார். திரும்பினால் மதகடி மாமி. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அம்மாவைச் சுகம் விசாரித்தார், ஐயாவை விசாரித்தார். வேறொன்றும் கேட்கவில்லை. அங்கே தோட்டம் செய்கிறார்களாம்.

நான் அவரை ஒரு பக்கமாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன். "மாமி, அண்டைக்கு நான் சொன்னது பொய். நீங்கள் அப்பிடி வாசிக்கேல்லை."

"அது எனக்குத் தெரியாதோ, பிள்ளை," என்றார்.

மதகுப் பலகை உக்கி இருந்ததையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது.

"இதை எனக்கு ஏன் சொல்லுறாய்? அந்தா நிக்கிறார். அவருக்குப் போய்ச் சொல்லு."

வீதிக்கு அந்தப் பக்கம், பழக்கடையில் மாமா நின்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் அன்றைக்கு உங்களுக்காகத்தானே திறப்பைக் கொண்டுவந்து வைத்தவர் என்று கேட்டேன்.

"ஓம், எனக்காகத்தான். நான் செய்ததெண்டு நினைச்சபடியால்தானே அப்பிடிச் சொன்னவர்." மாமி சத்தம் போடாமல்தான் சொன்னார். "இண்டைக்கு வரைக்கும் ஒரு சொல்லு ஏசேல்லை. ஒருக்காலும் கேக்கவும் இல்லை. நான் சொல்ல வெளிக்கிட்டால், விடும், அது முடிஞ்சுபோச்சு எண்டு எழும்பிப் போயிடுவார். என்ர வாயால சொன்னால் கேக்கமாட்டார். நீ சொன்னால் நம்புவார். போ பிள்ளை."

பத்து அடி தூரம் இருக்கும். நான் வீதியைக் கடந்தேன். மாமா வாழைப்பழம் தெரிந்தெடுத்துக்கொண்டு இருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. பிள்ளையைப் பார்த்துச் சிரித்து, ஒரு பழத்தைப் பிய்த்து அதன் கையில் கொடுத்தார். இந்தப் பக்கம் என் மாமியார் பஸ் வருகிறது என்று கூப்பிட்டார். இன்னார் மகள், பொய்ச்சாட்சி சொல்லி ஒரு குடும்பத்தைக் கலைத்தவள் என்று கலியாணம் செய்துபோன இடத்தில் தெரிய வந்தால் என்னாகும் என்று நினைத்தேன். ஒன்பது வயதில் ஐயாவின் முகத்தை நினைத்தவள், அப்போது என் முகத்தை நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து பஸ் ஏறினேன்.

யன்னலால் பார்த்தபோது மாமா பழச்சீப்போடு வீதியைக் கடந்து மாமியிடம் போய்க்கொண்டிருந்தார். மாமி என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று நம்பி, வந்துகொண்டிருந்த அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.